இடைவெளியில் ஓர் எண்

1

இந்தக் கதை ஒரு தவறான புரிதலில் பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கும் அபோண்டி சமையலறைக்குள் வந்து, "மாமா கதிர், என் எண் காணாமப் போயிடுச்சு" என்றாள். போனிலிருந்து அழிந்துபோயிருக்கும், என்னுடையதில் பார்த்து எழுதிக்கொள் என்று நான் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். நடுவில் எந்த இடத்தில் அந்தச் சிரிப்பு அழுகையாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. கத்தரிக்காய் கருத்துப்போயிற்று.

(குறிப்பு: 'மாமா' என்றால் இந்த ஊரில் அம்மா. கதிர் என் மகன். பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவது இங்கே மரியாதை. விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமுவுக்கு வந்து கதிரைப் பெற்ற நாளிலிருந்து நான் மாமா கதிர். பார்க்க வந்த என் தங்கை, வீட்டில் எந்த மாமா ஒளிந்திருக்கிறார் என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள்.)

இதைக் கதையாக எழுதட்டுமா என்று பிறகு கேட்டபோது அபோண்டி இரண்டு நிபந்தனைகள் போட்டாள். கணக்கில் தப்பு வரக்கூடாது. அவள் அழுததை எழுதக்கூடாது. இரண்டாவதை மேலேயே மீறிவிட்டேன். முதலாவதை மீறாமலிருக்கத்தான் இத்தனை பாடு.

2

முதலில் எழுதிய தொடக்கம்: விக்டோரியா ஏரியின்மேல் பொன்னிறச் சூரியன் சாய்ந்துகொண்டிருந்த அந்த மாலையில், இளம் ஆய்வாளர் ஒருத்தி தன் வாழ்வை மாற்றப்போகும்

அங்கேயே நிறுத்திவிட்டேன். அபோண்டி இருந்த கணினி அறையின் ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள், ஏரி தெரியாது. தெரிந்தாலும் ஆகாயத்தாமரைதான் தெரியும்.

இரண்டாவது தொடக்கம்: வேறுபாட்டுச் செயலிகளின் நிறமாலைப் பண்புகள் யாவை எனில்

இதை என் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார்.

மூன்றாவது, அபோண்டியே எங்கள் வீட்டில் உகாலிக் களி கிண்டும் கரண்டியால் மேசைமேல் கோடு போட்டுக் காட்டியது. இது நிற்கும் என்று நினைக்கிறேன். ஒரு கம்பி இருக்கிறது. அது எப்படி அதிரும் என்று அறிய வேண்டும். கம்பியை அப்படியே கணக்குப் போடுவது கடினம் என்பதால் புள்ளி புள்ளியாக நறுக்கிக்கொள்கிறோம். இப்போது கம்பிக்குப் பதில் ஒரு கம்ப வரிசை, இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகிறது. ஒவ்வொரு கம்பத்தையும் அடுத்ததோடு ஸ்பிரிங் போட்டுக் கட்டியிருக்கிறது. ஒரு ஸ்பிரிங் விறைப்பு, அடுத்தது தளர்வு, மறுபடி விறைப்பு. ஒவ்வொரு கம்பமும் தனக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பார்த்து ஆடும். இந்த வரிசையில் என்னென்ன சுரங்கள் எழும்? எழக்கூடிய சுரங்கள் மொத்தமும்தான் நிறமாலை. அவை இரண்டு திரளாக வரும். இரண்டு திரளுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. இடைவெளியில் எந்தச் சுரமும் கிடையாது.

(இது மிகவும் எளிமைப்படுத்தியது. அபோண்டி முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.)

3

இனி கதை.

மில்ட்ரெட் அபோண்டி முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். ஏரிக்கரைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுக்கிறாள். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் யாப்பேத் நியாங்வெசோ. பெரிய உடம்பு, பெரிய குரல், கையில் எப்போதும் பச்சை மசிப் பேனா.

ஒரு நாள் அபோண்டி அவரிடம் ஒரு படத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். கணினியால் முடிவில்லாத வரிசையை வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே நடுக் கம்பத்தைச் சுழியம் என்று வைத்து, இடது பக்கம் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு என்று சமமாக வெட்டி எடுத்துக் கணக்கிட்டிருந்தாள். படத்தில் இரண்டு திரள்கள் இருந்தன. நடுவில் இடைவெளி இருந்தது. இடைவெளியில், ஆளில்லாத மைதானத்தில் நிற்கும் ஆடு மாதிரி, தனியாக ஒரு புள்ளி இருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். இன்னும் நீளமாக வெட்டிப் பார் என்றார். வெட்டினாள். அதே எண். இன்னும் நீளம். அதே எண், ஆறாவது தசமம் வரை அசையவில்லை. பொய்யாக இருந்தால் ஆடும், இது ஆடவில்லை, இது உண்மை என்று சொல்லிவிட்டு அவர் ஆடினார். துறையின் நடைவழியில், கேள்வித்தாள் கட்டுகளுக்கு நடுவே, தோளைக் குலுக்கி ஆடினார். புள்ளியியல் துறைக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

அதற்கு 'அபோண்டி எண்' என்று பெயர் வைத்ததும் அவரேதான். புலத் தலைவர் அலுவலகத்தில் அது 'நியாங்வெசோ–அபோண்டி எண்' ஆயிற்று. பிளெக்ஸ் கடைக்குப் போனபோது, பேராசிரியரின் படம் அகலமாக இருந்ததால், 'நியாங்வெசோ எண்' ஆயிற்று. யாரும் சதி செய்யவில்லை, இடம் போதவில்லை. வாயிலில் கட்டிய அந்த பிளெக்ஸில் கடைக்காரர் தசமப் புள்ளியை விட்டுவிட்டார். ஒன்றுக்கும் குறைவான எண் பல லட்சமாகி வெயிலில் மின்னியது.

அதை அறிவிக்கத் திங்கட்கிழமை ஒரு கருத்தரங்கம் ஏற்பாடாயிற்று. கம்பாலாவிலிருந்து டாக்டர் கபகாம்பேயை அழைத்தார்கள். அவரும் நியாங்வெசோவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதற்குப் பிறகு ஒருவர் எழுதிய கட்டுரை கையில் கிடைத்தால் மற்றவர் விடாமல் படிப்பார், தப்பு கண்டுபிடிப்பதற்காக.

4

[இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் ஓமோலோ என்று ஓர் இளைஞன் வந்தான். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான், அபோண்டிக்காகக் கணினி அறை வாசலில் காத்திருந்தான். ஒரு வாக்கியத்தை மட்டும் அழிக்க மனமில்லை: அவன் ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் சுழியத்தை மறந்தாள்.

வரைவை நான் வாய்மொழியாகச் சொல்லிவந்தபோது அபோண்டி கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"இந்த ஓமோலோ யாரு?"

"கதைக்கு ஒருத்தன் வேணும்ல."

"எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு மாமா கதிர். ஆய்வுக்கு ஓர் எண் வேணும்ல."

ஓமோலோ போய்விட்டான்.]

5

எண் காணாமற்போனது எப்படி என்று சொல்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மின்சாரம் போய் வந்தது. கருத்தரங்குக்கான படத்தைப் புதிதாக எடுக்க அபோண்டி அளவுகளை அவசரமாகத் தட்டினாள். இடது பக்கம் இருநூறு. வலது பக்கம் இருநூறுக்குப் பதில், விரல் தவறி, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. படம் வந்தது. இடைவெளி சுத்தமாக இருந்தது.

நிரல் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். இருநூறு என்று திருத்தினாள், எண் வந்தது. ஒன்றைக் குறைத்தாள், போயிற்று. முடிவே இல்லாத வரிசையின் சுரம் ஒன்று, ஒரு கம்பம் கூடிக் குறைவதால் வந்துபோகுமா? இத்தனை நாள் செய்யாத ஒன்றை அப்போது செய்தாள். அந்தச் சுரம் ஒலிக்கும்போது எந்தக் கம்பம் எவ்வளவு ஆடுகிறது என்று வரைந்து பார்த்தாள். நடுவில் ஒரு கம்பமும் அசையவில்லை. ஆட்டமெல்லாம் வலது ஓரத்தில், அவள் வெட்டிய இடத்தில். கடைசிக் கம்பம் கிடந்து துடித்தது, உள்ளே போகப் போக அடங்கிவிட்டது. வேறு நீளத்தில் சமமாக வெட்டினாள். ஆட்டம் இடது ஓரத்துக்கு ஓடி, அங்கே வெட்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அது வரிசையின் சுரம் இல்லை. அவளே கட்டிய வேலியின் சுரம். அவள் எப்போதும் சமமாகவே வெட்டியதால் ஏதாவது ஓர் ஓரத்தில் தளர்ந்த ஸ்பிரிங் மாட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, எண்ணும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அசையாமல் நின்றது உண்மையாக இருந்ததால் இல்லை. அவள் ஒரே தப்பை ஒரே மாதிரி செய்துவந்ததால்.

இதற்குப் பிறகுதான் என் கத்தரிக்காய்.

முகம் கழுவிக்கொண்டு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் போனில் புலத் தலைவரிடம் மைக் எத்தனை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். ஒரு சந்தேகம் என்று அவள் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தி, மேடை ஏறுமுன் எல்லோருக்கும் வருவதுதான், போய் நன்றாகச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனைத் தொடர்ந்தார்.

சனிக்கிழமை அவர் போண்டோ பக்கம் உறவினர் ஒருவரின் அடக்கத்துக்குப் போயிருந்தார். அபோண்டி மட்டாட்டு வேன் பிடித்து அங்கேயே போனாள். பந்தல் நிறையக் கூட்டம், மைக் பேராசிரியர் கையில். தூரத்தில் இவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. செத்தவர் கல்வியை எவ்வளவு மதித்தார் என்பதற்கு இதோ சாட்சி, எண்ணைக் கண்ட பெண்ணே வந்திருக்கிறாள் என்று அறிவித்து மேலே கூப்பிட்டார். அழுதுகொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். அபோண்டி மைக்கை வாங்கி, தான் ஒரு தடவைகூடப் பார்த்திராத மனிதரைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொன்னாள். பிறகு சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தாள். பேராசிரியரை நெருங்கவே முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் செய்தி அனுப்பினாள்: ப்ரொஃபசர், அந்த எண் பொய், அது வெட்டிய ஓரத்தில் வருவது, தயவுசெய்து கூப்பிடுங்கள். உடனே பதில் வந்தது.

ஆமென்.

(ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வசனங்களும் வாழ்த்துகளும் குவியும். கண்ணாடி போடாமலே எல்லாவற்றுக்கும் ஒரே பதிலைத் தட்டிவிடுவாராம்.)

6

இந்த இடத்தில் எனக்குப் பேராசிரியர்மேல் சந்தேகம் வந்தது. நான் எழுதியவரையில் அவர் ஒரு கோமாளி. வாசகர் சிரிப்பார், திங்கட்கிழமை அவர் விழுவதைப் பார்க்கக் காத்திருப்பார். எனக்கு வசதிதான். அபோண்டி ஒத்துக்கொள்ளவில்லை.

அவள் சேர்ந்த முதல் வருஷம் ஒரு நிரூபணம் எழுதிக்கொண்டுபோனாளாம். ஒன்பதாம் பக்கத்தில் ஓட்டை. அவர் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு வரியையும் சரிபார்த்திருந்தார். ஓட்டை விழுந்த பிறகு எதற்கு மிச்சத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டாளாம். ஓட்டையை அடைத்துவிட்டால் மிச்சம் தேவைப்படுமே என்றாராம். ஆறு வகுப்புகள், மலைபோல விடைத்தாள்கள், எந்நேரமும் கூட்டங்கள். தன் பட்டத்துக்குப் பிறகு அவர் சொந்தமாக எதையும் நிரூபிக்க நேரமே வாய்க்கவில்லை. அந்த எண்தான் முதல்.

"அவர் ஆடுனப்போ நானும் கூட ஆடுனேன்" என்றாள் அபோண்டி. "அதை எழுதல நீ."

எழுதிவிட்டேன்.

7

திங்கட்கிழமை கருத்தரங்குக்கு முன் தேநீர். பாலில் கொதித்த தேநீர், எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டி. டாக்டர் கபகாம்பே வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெயிலிலும் கையில் குடை. பேராசிரியரின் கையைக் குலுக்கிவிட்டு, சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டே, ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தார். இந்த எண்ணைத் தான் முன்பே கண்டுவிட்டதாகச் சொன்னார். அச்சிலும் வந்திருக்கிறது. சின்ன இதழ்தான், ஆனால் இதழ். பெயர் வைப்பதென்றால் அவர் பெயர்தான் வைக்க வேண்டும்.

பேராசிரியரின் மண்டாசி பாதி வாயில் நின்றது. அந்த இதழை அச்சுக்கோத்தவர்கூடப் படித்திருக்கமாட்டார் என்றார். படிக்காதது உன் குற்றம் என்றார் கபகாம்பே. பழைய கதையெல்லாம் வெளியே வந்தது. விடுதியில் யார் யாருடைய போர்வையை எடுத்தார்கள் என்பது வரை போயிற்று. கடைசியில் பேராசிரியர் தொண்டையைச் செருமி, முதலில் கண்டது கபகாம்பே, உலகத்துக்குக் காட்டியது நியாங்வெசோ என்று ஒரு சமரசத்துக்கு இறங்கிவந்தார். கபகாம்பே யோசிப்பதாகச் சொன்னார்.

நடுவில் கோப்பையோடு நின்ற அபோண்டி இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் யாரோ அவள் கோப்பையில் தேநீர் ஊற்றினார்கள்.

அரங்கம் நிறைந்திருந்தது. புலத் தலைவர் முதல் வரிசையில். பேராசிரியர் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, கண்டவளே வரைந்து காட்டட்டும் என்று சாக்கட்டியை அவளிடம் நீட்டினார். அபோண்டி எழுந்தாள். பலகைக்குப் போனாள். கம்பங்களை வரைந்தாள். ஒன்று விறைப்பு, ஒன்று தளர்வு. வலது ஓரத்தில் நேராக ஒரு கோடு இழுத்தாள்.

"இது நான் போட்ட வேலி" என்றாள். "இந்த எண் வரிசையோடது இல்ல. இந்த வேலியோடது. ஒரு கம்பத்தை எடுத்துட்டா போயிடும். வெள்ளிக்கிழமைதான் பாத்தேன்."

யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் கேட்டது. பேராசிரியர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொல்ல வந்தேன் ப்ரொஃபசர். அடக்கத்துக்குக்கூட வந்தேன். நேத்து செய்தியும் அனுப்புனேன்."

"என்னன்னு?"

"எண் பொய்னு. நீங்க ஆமென்னு போட்டீங்க."

பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசைக்கு வந்து புலத் தலைவரிடம் முட்டி நின்றது. பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், கண்ணாடியைப் போட்டார், தேடிப் படித்தார். சத்தமாகவே படித்தார், தன் பதில் உட்பட. படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து மனசுக்குள் படித்தார். அந்த நேரத்தில் தன் பட்டம், வேலை, பின்னறை எல்லாம் கண்முன் வரிசையாகப் போனதாக அபோண்டி சொன்னாள். (பின்னறையை நாங்கள் பிடுங்கியிருக்கமாட்டோம். அவளுக்கு அப்போது அது தோன்றவில்லை.)

"சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார் பேராசிரியர், யாரிடமும் இல்லாமல். பிறகு பச்சைப் பேனாவைப் பையில் வைத்துவிட்டு, இன்னொரு சாக்கட்டியை எடுத்துக்கொண்டு பலகைக்கு வந்தார். "போயிடும்னு கண்ணால பாத்தது போதாது. ஏன் போகுதுன்னு காட்டு."

அந்த முன்மதியம் முழுக்க இரண்டு பேரும் பலகையில் சண்டை போட்டார்கள். எப்போது வேலியின் சுரம் எழும், எப்போது எழாது என்பது பாதிக்கு மேல் அங்கேயே தெளிந்துவிட்டது. புலத் தலைவர் ஒரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். பிளெக்ஸைக் கழற்ற ஆள் அனுப்பினார் என்று பிறகு தெரிந்தது.

டாக்டர் கபகாம்பே அசையவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து பொரித்த மீனும் உகாலியும் வந்தபோது பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, மிகுந்த பெருந்தன்மையோடு பேசினார்.

"யோசிச்சுப் பாத்தேன் யாப்பேத். அந்த எண் உன்னோடதுதான்."

"சேச்சே. மொதல்ல கண்டது நீதான்யா. எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேனே."

"உலகத்துக்குக் காட்டினது நீ."

"அச்சுல வந்தது உன்னோடது."

சாப்பாடு முடியும்வரை அந்த எண்ணை ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் தட்டுக்குத் தள்ளிக்கொண்டேயிருந்தார்கள். அபோண்டி மூன்று நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

8

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. முடித்தும் வைத்திருந்தேன்: மீனின் முள்ளை ஒதுக்கிவிட்டு அவள்

அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. அபோண்டியின் ஆய்வேட்டில் நான்காம் அத்தியாயம் இப்போது புதிது. பொய்ச் சுரம் எப்போது வரும், ஏன் வரும் என்பதற்கு அவளுடைய தேற்றம். அதைப் படித்து மதிப்பிட வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வேண்டும். இந்தத் துறையை அறிந்தவர் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். டாக்டர் கபகாம்பே.

ஆய்வேட்டில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லி, வாக்கியத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அவர்களுடைய கட்டுரையைக் குறிக்க வேண்டும். இந்தப் பொய்ச் சுரத்தை உண்மை என்று முன்பே அச்சில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். குறித்தால், தேர்வாளரின் தப்பைத் தேர்வாளரிடமே நீட்டுவதாகும். குறிக்காவிட்டால், தெரிந்தே மறைப்பதாகும்.

பேராசிரியரிடம் கேட்டாள். முதல் நாள், விட்டுவிடு, அந்த இதழை யாரும் படிப்பதில்லை என்றார். மறுநாள் கூப்பிடாமலே எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பேசினார்.

"நேத்து சொன்னதை மறந்துடு. நான் வழிகாட்டி, உனக்குப் பட்டம் கிடைக்கணும்னு பாக்கறேன். என் வாயில இதுக்கு நியாயம் வராது. நீயே முடிவு பண்ணு."

தேநீர் குடிக்கக்கூட இறங்கவில்லை.

9

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அவள் குறிக்கிறாள், கபகாம்பே கோபத்தில் ஏட்டைத் திருப்பி அனுப்புகிறார், அவள் நிமிர்ந்து நிற்கிறாள். நிமிர்ந்து நின்று என்ன செய்வேன், வகுப்பு யார் எடுப்பது என்று அபோண்டி கேட்டாள்.

அவள் குறிக்கவில்லை. பட்டம் கிடைக்கிறது, உறவெல்லாம் வந்து குலவையிடுகிறது, கூட்டத்தில் கபகாம்பே மட்டும் அவளை நன்றியோடு பார்க்கிறார். இதற்கும் அவள் ஒப்பவில்லை. நன்றிதான் பயமாக இருக்கிறது என்றாள்.

கபகாம்பேயே போன் செய்து, என் தப்பையும் எழுது பெண்ணே என்கிறார். எனக்கு மிகப் பிடித்தது இது. அவள் தலையை ஆட்டினாள். மனுஷன் அப்படிச் சொல்லக்கூடும், சொல்லாமலும் இருக்கக்கூடும், நீ அவரை அழகான இடத்தில் வெட்டுகிறாய் என்றாள்.

இப்போது அவள் மடிக்கணினி என் சமையலறை மேசைமேல் திறந்திருக்கிறது. நாளைக்குச் சமர்ப்பிக்க வேண்டும். ஏரிப் பக்கமிருந்து மழை திடீரென்று இறங்கிவிட்டதால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வெளியே ஓடியிருக்கிறாள். ஓடும்போது, "மாமா கதிர், நீ எழுதறவதானே, நீயே போடேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா என்று தெரியவில்லை. ஈரத் துணியோடு எந்த நிமிஷமும் திரும்பிவிடுவாள்.

கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். திரையில் ஒரு வாக்கியம், அதன் முனையில் கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். என்னால் முடியாது. நாற்காலி காலியாக இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள். சீக்கிரம்.

இந்தப் பொய்ச் சுரத்தை வரிசையின் உண்மைச் சுரம் என்று முன்பும் கருதியிருக்கிறார்கள் [      ]